விளைவைக் கண்டு வேரை அறிந்தவர்

கேழ்வரகு விதைத்த வயலில் நெல் விளையாது. இது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த நியாயம். வயலில் நடக்கும் இந்த நியாயத்தை நாம் எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நம் உள்ளத்திலும் இதுவே நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கிறோமா? காலையில் தோழியிடம் சீறி விழுகிறோம். மாலையில் புத்தகத்தைத் திறந்தால் மனம் ஒட்டவில்லை என்று வருந்துகிறோம். இரண்டுக்கும் நடுவே ஓர் இழை ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. மனம் சரியில்லை என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம்.

இந்த இழையைக் கண்டுபிடித்து, அதைப் பற்றிக்கொண்டே தம் வாழ்வின் இருளிலிருந்து வெளியே வந்த ஒருவரை நாம் அறிவோம். அவர் முதலில் பெரிய படிப்பாளி அல்லர், குருவும் அல்லர். வாளையும் நல்ல உடையையும் விரும்பிய ஒரு போர்வீரர். அவர்தாம் சேசு சபையைத் தோற்றுவித்த புனித லொயோலா இஞ்ஞாசியார். அவருடைய வாழ்க்கையை நாம் பல முறை கேட்டிருக்கலாம். குண்டடி பட்டார், மனம் திரும்பினார், புனிதரானார் என்று மூன்று வரியில் அதைச் சொல்லிவிடுவதும் உண்டு. ஆனால் அந்த மூன்று வரிகளுக்கு இடையில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது.

கடைக்குட்டிப் பிள்ளை

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் பாஸ்கு மக்கள் வாழும் மலைநாடு ஒன்று உண்டு. அங்கே அஸ்பெய்த்தியா என்னும் ஊரை அடுத்து லொயோலா மாளிகை நிற்கிறது. 1491-ஆம் ஆண்டில் அம்மாளிகையில் ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் இனிகோ. தாயார் விரைவிலேயே இறந்துவிட்டதால், அருகில் வாழ்ந்த ஒரு கொல்லரின் மனைவி குழந்தையை வளர்த்தார்.

இளம்பருவத்தில் இனிகோ, கஸ்தீல் அரசின் பொருளாளராயிருந்த ஒரு பிரபுவின் வீட்டில் சேர்க்கப்பட்டார். அரசவைப் பழக்கங்கள், குதிரையேற்றம், வாள்வீச்சு, அழகிய கையெழுத்து ஆகியவற்றை அங்கே கற்றார். வீரர்களும் அரசிளங்குமரிகளும் நிறைந்த கதைப் புத்தகங்களை ஆவலோடு படித்தார். புகழ் வேண்டும், பிறர் தம்மைப் பார்த்து வியக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1515-ஆம் ஆண்டில் சொந்த ஊரில் நடந்த ஓர் அடிதடி வழக்கில் அவர் பெயரும் அடிபட்டது. தம் இளமை வீண்பெருமையில் கழிந்தது என்று பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

1517-இல் அவரை ஆதரித்த பிரபு செல்வாக்கிழந்து இறந்தார். அதன்பின் இனிகோ நவார் நாட்டின் அரசப் பிரதிநிதியிடம் பணிக்குச் சேர்ந்தார். 1521-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை பம்பலோனா நகரைச் சூழ்ந்தது. எதிரிகளின் பலத்தைக் கண்ட மற்ற வீரர்கள் சரணடைந்துவிடலாம் என்றார்கள். இனிகோ ஒருவரே எதிர்த்து நிற்க வேண்டும் என்று பேசி, கோட்டைத் தலைவரின் மனத்தையும் மாற்றினார். மே மாதம் 20-ஆம் நாள் ஒரு பீரங்கிக் குண்டு அவருடைய வலக்காலை நொறுக்கியது, இடக்காலும் காயப்பட்டது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது. வெற்றி பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அவருக்கு அன்போடு மருத்துவம் செய்து, படுக்கையில் வைத்து லொயோலாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் காலை மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். அவர் கைகளை இறுக முடிக்கொண்டாரே தவிர வாய் திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் பிழைப்பது அரிதென்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்தின இரவில் உடல்நிலை தேறத் தொடங்கியது. ஆனால் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அன்றைய நாகரிகப்படி காலை இறுக்கிப் பிடிக்கும் நெடிய காலணியை அணிய முடியாதே என்று அவர் கவலைப்பட்டார். எலும்பை அறுத்துவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார். ஓர் அலங்காரத்துக்காக அவ்வளவு வேதனையையும் மனமுவந்து தாங்கினார்! அப்படியும் அந்தக் கால் சற்றுக் குட்டையாகவே நின்றுவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் சிறிது நொண்டியே நடந்தார்.

இரண்டு கனவுகள்

எழுந்து நடக்க முடியாத அந்த மாதங்களில் பொழுது போகவில்லை. தமக்குப் பிடித்த வீரக் கதைகளைக் கேட்டார். அம்மாளிகையில் அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை இரண்டே: சாக்சனி நாட்டு லுதோல்ப் என்ற துறவி எழுதிய கிறிஸ்துநாதர் சரித்திரம் ஒன்று, புனிதர்களின் வாழ்க்கை வரலாறு மற்றொன்று. வேறு வழியின்றி அவற்றைப் படிக்கத் தொடங்கினார்.

படிக்காத நேரங்களில் கனவு காண்பார். சில சமயம், உயர்குலத்துப் பெண் ஒருத்தியின் முன்னிலையில் தாம் செய்யப் போகும் வீரச் செயல்களைப் பற்றி மூன்று நான்கு மணி நேரம் தம்மை மறந்து எண்ணிக்கொண்டிருப்பார். வேறு சில சமயம், புனித பிரான்சிஸ் அசிசியார் செய்ததையும் புனித சாமிநாதர் செய்ததையும் நாமும் செய்தால் என்ன என்று எண்ணுவார். வெறுங்காலுடன் எருசலேமுக்கு நடந்து போவதாக நினைத்துப் பார்ப்பார். இரண்டு கனவுகளும் காணும் வேளையில் இனிமையாகவே இருந்தன. அந்த நேரத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

ஒரு நாள் அவர் கண் திறந்தது. கனவு முடிந்த பிறகு உள்ளத்தில் என்ன எஞ்சுகிறது என்று பார்த்தார். வீரக் கனவு கலைந்ததும் மனம் வறண்டு, நிறைவற்றுக் கிடந்தது. புனிதர்களைப் பற்றிய கனவோ முடிந்த பிறகும் மகிழ்ச்சியையும் அமைதியையும் விட்டுச் சென்றது. இந்த வேறுபாடு பல நாட்களாகவே இருந்துவந்தது. அவர்தாம் கவனிக்கவில்லை. கவனித்த அன்று அவர் வியந்துபோனார். விளைவுகள் வேறாக இருந்தால் அவற்றின் வேர்களும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஒன்று இறைவனிடமிருந்து வருகிறது, மற்றொன்று தீய ஆவியிடமிருந்து வருகிறது என்று கண்டுகொண்டார். திருச்சபைக்கு அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் முழுவதும் இந்த ஒரு கவனிப்பிலிருந்து முளைத்ததே.

நாம் இங்கே சற்று நிற்போம். அவர் தம் எண்ணங்களை எடுத்த எடுப்பில் நல்லவை கெட்டவை என்று தீர்ப்பிடவில்லை. அவை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பொறுமையாகப் பார்த்தார். உண்ணும்போது இனிக்கும் பண்டங்கள் எல்லாம் உடலுக்கு ஏற்றவை ஆகிவிடுவதில்லை. இரவில் வயிறு சொல்லும் சாட்சியே உண்மையான சாட்சி. ஒரு தோழியைப் பற்றிப் புறம்பேசும்போது நமக்கும் இனிக்கிறது. பேசி முடித்து வீட்டுக்கு நடக்கும்போது எஞ்சும் சுவை என்ன? அதைக் கவனிப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இனிகோவும் அப்போது அதிகம் படித்தவர் அல்லர்.

கழுதைக்கு விட்ட தீர்ப்பு

ஒரு முறை கண் திறந்ததாலேயே ஒருவர் ஞானியாகிவிடுவதில்லை. 1522-இன் தொடக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிய இனிகோ, மொன்செராத் மலையிலுள்ள மாதா திருத்தலத்தை நோக்கிப் போனார். வழியில் ஓர் இஸ்லாமியர் உடன் வந்தார். பேச்சு தேவமாதாவின் கன்னிமையைப் பற்றித் திரும்பியது. இனிகோவின் வாதத்தை அவர் முழுவதும் ஏற்கவில்லை. விடைபெற்று முன்னே போய்விட்டார். அவர் போன பிறகு இனிகோவுக்குக் கோபம் பொங்கியது. மாதாவின் மானத்தைக் காக்கத் தவறிவிட்டோமே, துரத்திச் சென்று குத்திவிடலாமா என்று தவித்தார். முடிவுக்கு வர இயலாமல், பாதை பிரியும் இடத்தில் தாம் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தினார். அது அந்த மனிதர் போன வழியில் போனால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது என்று எண்ணிக்கொண்டார். அவர் போன ஊர் மிக அருகில், அகலமான நல்ல பாதையில் இருந்தது. ஆனாலும் கழுதை நெடுஞ்சாலையிலேயே போயிற்று. இறைவன் இருவரையும் காப்பாற்றினார்.

நல்ல முடிவு எடுப்பது எப்படி என்று பின்னாளில் உலகுக்கே கற்பித்தவர், அன்று தீர்ப்பை ஒரு கழுதையிடம் விட்டார்! பக்தியின் பெயரால் வந்த எண்ணமும் கொலையில் போய் முடியக்கூடும் என்பதை அப்போது அவர் எடைபோடவில்லை. இந்தச் சம்பவத்தை அவர் மறைக்காமல் பின்னால் சொல்லிவைத்தார்.

மொன்செராத்தில் மூன்று நாட்கள் செலவிட்டு, வாழ்நாள் முழுவதற்கும் எழுதிவைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார். 1522 மார்ச் 24-ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்தின இரவில், தம் விலையுயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத் துணி அணிந்தார். இரவெல்லாம் மாதாவின் பீடத்தின் முன் விழித்திருந்தார். வாளையும் குத்துவாளையும் அங்கேயே விட்டுவிட்டு விடியற்காலையில் புறப்பட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒருவர் ஓடிவந்து, அந்த ஏழைக்கு உடை கொடுத்தது உண்மையா என்று கேட்டார். அந்த ஏழை திருடிவிட்டதாகச் சந்தேகப்பட்டுத் துன்புறுத்தியிருந்தார்கள். இதை அறிந்ததும் இஞ்ஞாசியார் கண்ணீர் விட்டார். தாம் செய்த நன்மைக்கும் ஒரு பின்விளைவு உண்டு என்பதை அவர் அப்போது கற்றார். நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது. நம் செயல் அடுத்தவர் வாழ்வில் என்னவாக முடிகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

மன்ரேசாவின் இருட்டு

அடுத்து மன்ரேசா என்னும் சிற்றூரை அடைந்து, ஏறக்குறைய 10 மாதங்கள் தங்கினார். தினமும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். பிச்சை எடுத்து உண்டார். ஒரு காலத்தில் தலைமுடியை அழகாக வைத்திருந்ததற்குப் பரிகாரமாக, முடியையும் நகத்தையும் வெட்டாமல் வளரவிட்டார். முதலில் மனம் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஒரு பெரிய கலக்கம் வந்தது.

மொன்செராத்தில் எல்லாப் பாவங்களையும் சொன்னோமா, ஏதேனும் விட்டுப்போயிற்றா என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தார், அமைதி இல்லை. இன்னொரு முறை செய்தார், அப்போதும் இல்லை. மிகத் தெளிவான பாவம் என்றால் மட்டும் சொல்லும்படி குருவானவர் கட்டளையிட்டார். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவான பாவமாகத் தெரிந்தது! உயிரையே மாய்த்துக்கொள்ளலாம் என்ற கொடிய சோதனைகூட அவருக்கு வந்தது. அது இறைவனுக்கு எதிரான செயல் என்று கதறி, அந்தச் சோதனையைத் தள்ளினார். அமைதி கிடைக்கும் மட்டும் உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். குருவானவரிடம் அதைச் சொன்னபோது, உடனே நோன்பை விடும்படி அவர் கட்டளையிட, இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார்.

இரண்டு நாட்கள் நிம்மதி. மூன்றாம் நாள் செபத்தின்போது மறுபடி ஒரு பாவத்தின் நினைவு வந்தது. அதைத் தொட்டு இன்னொன்று, அதைத் தொட்டு மற்றொன்று என்று நூலில் கோத்ததுபோல் வந்துகொண்டே இருந்தன. அதன் முடிவில், தாம் தேர்ந்துகொண்ட வாழ்க்கையின்மீதே ஒரு வெறுப்பும், அதை விட்டு ஓடிவிட வேண்டும் என்ற ஆவலும் எழுந்தன. அந்த இடத்தில் அவர் தூக்கத்திலிருந்து விழித்தவர்போல் விழித்தார். லொயோலாவில் படுக்கையில் கற்ற பாடம் இப்போது உதவிக்கு வந்தது. இந்த எண்ணங்கள் எந்த வழியாக வந்தன, எங்கே கொண்டுவந்து விட்டன என்று படிப்படியாகப் பார்த்தார். பாவத்துக்கு வருந்துவது நல்லது. ஆனால் இந்த வருத்தம் அவரை இறைவனிடம் சேர்க்கவில்லை; இறைவனை விட்டு விரட்டியது. எனவே இதன் வேர் நல்லதாக இருக்க முடியாது என்று தெளிந்தார். பழைய பாவங்களை இனி மறுபடி சங்கீர்த்தனம் செய்வதில்லை என்று அன்றே முடிவு செய்தார். கலக்கம் நீங்கியது.

அன்புத் தோழியரே, இந்தப் பகுதியை நாம் விரைவாகத் தாண்டிவிடக் கூடாது. நம்மை நாமே சோதித்துப் பார்ப்பதிலும் இரு வகை உண்டு. ஒன்று, காயத்தைக் கழுவி மருந்திடுவது. மற்றொன்று, ஆறும் காயத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருப்பது. ஒரு தேர்வில் தவறினோம், ஒரு பொய் சொன்னோம், அம்மாவை எதிர்த்துப் பேசினோம். அதற்கு வருந்தி, மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறை திருந்துவது முதல் வகை. நாம் உதவாதவர்கள், யாருக்கும் வேண்டாதவர்கள் என்று இரவெல்லாம் புழுங்குவது இரண்டாம் வகை. முதலாவது நம்மை எழுந்து நடக்க வைக்கிறது. இரண்டாவது நம்மைப் படுத்த படுக்கையாக்குகிறது. விளைவைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம். இன்னொன்றும் உண்டு. இஞ்ஞாசியார் தம் இருட்டைத் தனியே சுமக்கவில்லை; குருவானவரிடம் சொன்னார். நமக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், தாய் தந்தையிடமோ, ஆசிரியையிடமோ, நம் சகோதரிகளிடமோ அன்றைக்கே மனம் திறந்து சொல்லிவிட வேண்டும்.

சிறுவர்களுடன் ஒரு மாணவர்

1523-இல் எருசலேமுக்கு யாத்திரை போய்வந்தபின், ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று கண்டார். 1524-இல் பார்சலோனா நகரில், 33 வயதில், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார். வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் போதும், உயர்ந்த ஞான எண்ணங்களும் இனிய பக்தியுணர்வும் பொங்கி வரும். பாடம் மனத்தில் நிற்காது. வேறொருவராயிருந்தால் இதைப் பெரும் வரம் என்று எண்ணி மகிழ்ந்திருப்பார். இஞ்ஞாசியாரோ, கோயிலில் செபிக்கும்போதும் திருப்பலியின்போதும்கூட இவ்வளவு ஒளி வருவதில்லையே, பாட வேளையில் மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தார். அதன் விளைவு பாடம் கெடுவதே. அப்படியானால் இதுவும் சோதனைதான் என்று கண்டுகொண்டார். கடல் மாதா ஆலயத்துக்கு ஆசிரியரை அழைத்துச் சென்று, நடந்ததைச் சொன்னார். உண்பதற்கு ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும் வரையில், இரண்டு ஆண்டுகள் ஒரு வகுப்பையும் தவறவிடுவதில்லை என்று வாக்களித்தார். அதோடு அந்தச் சோதனை ஒழிந்தது. படிக்க வேண்டிய நேரத்தில் படிப்பதே நம் செபம் என்று சகோதரிகள் நமக்குச் சொல்வதன் பொருள் இங்கே விளங்குகிறது.

1528-இல் பாரீஸ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கும் தொல்லை. பாதுகாக்கக் கொடுத்த பணத்தை உடன் தங்கியவர் செலவழித்துவிட்டார். பிச்சை எடுத்துக்கொண்டு, தூரத்திலிருந்த ஒரு சத்திரத்தில் தங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. சத்திரக் கதவு திறக்கும் முன்பே காலை வகுப்பு தொடங்கிவிடும். மாலையில் கதவு அடைக்குமுன் திரும்பியாக வேண்டும். படிப்பு முன்னேறவில்லை. ஏன் என்று கணக்குப் பார்த்தார். பிச்சைக்கும் நடைக்கும் போகும் நேரமே காரணம் என்று தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மாதம் பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய், அங்குள்ள ஸ்பெயின் வணிகர்களிடம் உதவி பெற்று வந்தால், மற்ற மாதங்களில் கவலையின்றிப் படிக்கலாம் என்று திட்டமிட்டார். அப்படியே செய்தார். படிப்பு வரவில்லை என்று புலம்புவதற்கு முன் நம் நேரம் எங்கே போகிறது என்று பார்க்கலாம் அல்லவா? பணத்தைச் செலவழித்த அந்த மனிதர் பின்னர் ரூவான் நகரில் நோயுற்றபோது, இஞ்ஞாசியார் நடந்தே அங்கு போய் அவருக்கு உதவினார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1529-இல் புனித பார்பரா கல்லூரியில் அவருக்கு இரு அறைத் தோழர்கள் வாய்த்தார்கள். ஒருவர் பீட்டர் பேபர். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். பேபரின் மனம் ஓயாத பாவக் கலக்கத்தில் உழன்றது. அதே நோயைத் தாமே அனுபவித்திருந்த இஞ்ஞாசியாரால் அவருக்கு மருந்து சொல்ல முடிந்தது. மன்ரேசாவில் பட்ட துன்பத்தின் பலன் பாரீஸில் மற்றொருவருக்குக் கிடைத்தது. 2013-இல் பாப்பரசர் பிரான்சிஸ், பேபரைப் புனிதராக அறிவித்தார். சவேரியாரைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டுமா? 1542-இல் அவர் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, வெயிலில் ஊர் ஊராக நடந்து, சிறுவர்களுக்கு மந்திரங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். பாரீஸில் ஓர் அறையில் விதைத்தது தூத்துக்குடிக் கரையில் முளைத்தது.

இரவில் ஒரு கால் மணி நேரம்

1534 ஆகஸ்டு 15, மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளன்று, இஞ்ஞாசியாரும் ஆறு தோழர்களும் மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். 1540 செப்டம்பர் 27-ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் சேசு சபையை அங்கீகரித்தார். 1541-இல் இஞ்ஞாசியார் அதன் முதல் தலைவரானார். மன்ரேசாவில் எழுதத் தொடங்கிய ஞானப் பயிற்சிகள் என்னும் சிறு நூலுக்கு 1548-இல் பாப்பரசரின் ஒப்புதல் கிடைத்தது. நம் பள்ளிகளில் நடக்கும் தியான நாட்களுக்கும் அந்த நூல் ஒரு தாய் ஊற்று.

அதில் அவர் ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் வகுத்துள்ளார். முதலில் பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி. அடுத்து, நம்மை உள்ளபடி காண அவருடைய ஒளியைக் கேட்பது. மூன்றாவதாக, அந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது. நான்காவதாக, தவறுக்கு மன்னிப்பு. ஐந்தாவதாக, நாளைக்கு ஓர் உறுதி. நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். மன்ரேசாவில் குற்றத்திலிருந்து தொடங்கியதன் விளைவை அனுபவித்தவர் அல்லவா அவர்? ஒரே ஒரு குறையைத் திருத்த விரும்புவோருக்கு மற்றொரு வழியும் சொன்னார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடுகள் போட்டு, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைத்து, நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கடைக்காரர் கணக்கு எழுதுவதுபோல எளிய முறை.

இன்னொரு நுட்பமும் அவர் கண்டதுண்டு. மனம் வறண்டு கிடப்பதற்கு எப்போதும் நம் குற்றமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. மூன்று காரணங்களைக் கூறினார். நம் அசட்டை ஒரு காரணம். நம் உறுதியை இறைவன் சோதிப்பது இரண்டாவது. ஆறுதல் நம் திறமையால் வருவதன்று, அது இறைவனின் கொடை என்று நாம் உணர்வதற்காக இருப்பது மூன்றாவது. ஆதலால் துன்பப்படுகிறவரைப் பார்த்து, ஏதோ பாவம் செய்திருக்கிறார் என்று நாம் விரல் நீட்டக் கூடாது. மனம் இருண்டிருக்கும் வேளையில், முன்னே தெளிவாக எடுத்த நல்ல முடிவுகளை மாற்றக் கூடாது என்பதும் அவர் வகுத்த விதி.

மன்ரேசாவின் கடும் நோன்புகள் அவர் வயிற்றைக் கெடுத்தன. அந்த நோய் கடைசிவரை நீங்கவில்லை. அந்த விளைவிலிருந்தும் அவர் கற்றார். தம் சபையினர் போதுமான அளவு உண்ணவும் உறங்கவும் வேண்டும் என்று கவனித்துக்கொண்டார். 1548-இல் பிரான்சிஸ் போர்ஜியா அளவு மீறி நோன்பிருப்பதை அறிந்து, குறைத்துக்கொள்ளும்படி கடிதம் எழுதினார். தாம் விழுந்த பள்ளத்தில் பிறர் விழாமல் இருக்க வழிகாட்டினார்.

1556 ஜூலை 31-ஆம் நாள் அதிகாலையில் உரோமையில், ஆரவாரமின்றி அவர் உயிர் பிரிந்தது. அப்போது சபையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். 1622 மார்ச் 12-ஆம் நாள், தம் நண்பர் சவேரியாருடனும் அவிலா நகர் புனித தெரசம்மாளுடனும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்று பம்பலோனாவில் குண்டு பாய்ந்த வீரர்கள் பலர் இருந்திருப்பார்கள். குண்டு தானாக யாரையும் புனிதராக்குவதில்லை. படுக்கையில் கிடந்தபோது தம் உள்ளத்தில் நடந்ததைக் கவனித்தார் என்பதே இஞ்ஞாசியாரின் சிறப்பு. நமக்கும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று நிகழ்கிறது: ஒரு மதிப்பெண், ஒரு சண்டை, ஒரு சிறு வெற்றி. இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஒரு கால் மணி நேரம் அமைதியாக உட்காருவோம். முதலில் நன்றி சொல்வோம். பிறகு, எந்தச் செயல் நம் உள்ளத்தில் அமைதியை விட்டுச் சென்றது, எது கசப்பை விட்டுச் சென்றது என்று கேட்டுப் பார்ப்போம். பதில் கிடைத்துவிட்டால், நாளை எதை விதைக்க வேண்டும் என்பது நமக்கே தெரிந்துவிடும்.

புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.